தூக்கிய வண்டிக்கு ட்ராவல் கூடுமா? பிக்கப் முன்பக்க சஸ்பென்ஷன், அடிப்படையிலிருந்து

கே.எல். (கோலாலம்பூர்) வட்டாரத்தில் ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது: "முன்னால 2 இன்ச் தூக்கியாச்சு, இப்ப ட்ராவல் நல்லா இருக்கு." சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டிவிட்டு அடுத்த வாரமே பட்டறைக்குப் போய் அதையே செய்துகொண்டு வருகிறார். ஆனால் வண்டியின் உயரம் வேறு, சக்கரத்தின் ட்ராவல் வேறு. உயரத்தைக் கூட்டியதால் காட்டுப்பாதையில் சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் அந்தரத்தில் தொங்கும் வண்டிகள் நம்மிடம் நிறையவே ஓடுகின்றன, அதை ஓட்டுபவருக்கே ஏன் என்று தெரியாமல்.

ஹைலக்ஸ், ட்ரைடன், ரேஞ்சர், டி-மேக்ஸ், நவாரா என்று நாம் ஓட்டும் பிக்கப்புகளின் முன்பக்கத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பின்பக்கம் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங், அது தனிக் கதை. மெக்கானிக் அறிவு எதுவும் வேண்டாம். வீட்டு கேட் திறந்து மூடுவதைப் பார்த்திருந்தால் போதும்.

ட்ராவல் என்பது எது

சக்கரம் மேலே போகக்கூடிய கடைசி இடத்துக்கும், கீழே தொங்கக்கூடிய கடைசி இடத்துக்கும் நடுவில் உள்ள செங்குத்துத் தூரம்தான் ட்ராவல். அவ்வளவுதான். வண்டி சமதரையில் நிற்கும்போது சக்கரம் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். அங்கிருந்து மேலே போக மிச்சமுள்ள தூரத்தைப் பம்ப் என்பார்கள், கீழே இறங்க மிச்சமுள்ள தூரத்தை ட்ரூப் என்பார்கள். பம்ப்பும் ட்ரூப்பும் சேர்ந்தால் மொத்த ட்ராவல்.

பம்ப்பின் அருமை எல்லோருக்கும் தெரியும், கல்லில் ஏறினால் 'தடால்' என்று முதுகில் உறைக்கிறதே. ட்ரூப்பைத்தான் யாரும் நினைப்பதில்லை. ஆனால் நம் ஊர்ப் பாதைகளில் வண்டியை நகர்த்துவது பெரும்பாலும் ட்ரூப்தான். செம்பனைத் தோட்டத்துச் சாலையை மழைத்தண்ணீர் குறுக்காக அறுத்துப் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைச் சாய்வாகக் கடக்கும்போது ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது, அதற்கு மூலைவிட்டமாக எதிரில் உள்ள பின்சக்கரமும் இறங்குகிறது. சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்து ஏறி இறங்க விடும் அமைப்பு, அந்தச் சக்கரத்தைப் பள்ளத்தின் அடி வரைக்கும் இறங்க விட்டால் டயர் மண்ணைத் தொடும். விடாவிட்டால் தொங்கும்.

தொங்கினால் என்ன ஆகிறது? பிக்கப்பின் முன் டிஃபரென்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பெரும்பாலான வண்டிகளில் சாதாரண வகை. அது இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே தேவையில்லை என்பதால், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அந்த 'ஒன்றுமில்லாத' விசைதான் போய்ச் சேரும். ஒரு டயர் காற்றில் சுற்றுகிறது, மற்றது சும்மா நிற்கிறது. ட்ராவல் வேண்டும் என்று ஆசைப்படுவதன் முதல் காரணம் இதுதான்: டயரை மண்ணில் வைத்திருப்பது.

இரண்டாவது காரணம் வேகம். மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் 1967 முதல் நடக்கும் பாஹா 1000 பந்தயத்தில் ஓடும் டிராஃபி ட்ரக்குகளின் முன்சக்கரம் 60 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், பின்சக்கரம் அதைவிட அதிகம். பெரிய மேட்டில் வேகமாக மோதும் சக்கரத்தை மெதுவாக நிறுத்த நீண்ட தூரம் வேண்டும். தூரம் இருந்தால் சஸ்பென்ஷன் மென்மையாக இருந்தே அடியை வாங்கிக்கொள்ளும். நாம் கைப்பேசியில் பார்த்து ஆசைப்படும் 'லாங் ட்ராவல்' சாமான்கள் பெரும்பாலும் அந்தப் பாலைவனத் தேவைக்குப் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதுவரைக்கும்: ட்ராவல் என்பது மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் உள்ள தூரம். வண்டி எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது அந்தத் தூரத்துக்குள் ஒரு புள்ளி மட்டுமே.

தாமான் வீட்டு ஆட்டோ கேட்

இப்போது கேட்டுக்கு வருவோம். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்குமே, இரண்டு பக்கமும் விரியும் கேட், ஒவ்வொரு கதவிலும் ஒரு மோட்டார் கை பொருத்தியது. அந்தக் கை நீண்டு சுருங்குவதைக் கவனியுங்கள். அது கதவின் கடைசி நுனியில் இல்லை, கீலுக்குப் பக்கத்தில்தான் பொருத்தியிருக்கும். கை ஒரு சாண் இரண்டு சாண் நகர்ந்தால் போதும், கதவின் வெளி நுனி கார் நுழையும் அளவுக்கு விரிந்துவிடும்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, கதவு கீலில் ஒரே கோணம் திரும்பினாலும், அகலமான கதவின் நுனி அதிகத் தூரம் போகும், குறுகிய கதவின் நுனி குறைந்த தூரம் போகும். இரண்டு, மோட்டார் கை எவ்வளவு நீண்டு சுருங்குகிறதோ அதுதான் கதவின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மூன்று, கையை மட்டும் நீளமானதாக மாற்றிவிட்டால் கதவு போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சுவரில் இடிக்கும், இல்லாவிட்டால் கீல் பிய்யும்.

இந்தக் கேட்டைப் படுக்கவைத்தால் அதுதான் உங்கள் வண்டியின் முன் சஸ்பென்ஷன்.

நிஜமான சாமான்கள்

முன்சக்கரத்தை உள்ளே தலைவிட்டுப் பாருங்கள். சேசிஸிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, சக்கரத்தை நோக்கி இரண்டு இரும்புக் கைகள் நீளும். கீழே இருப்பது லோவர் ஆர்ம், பெரியது, பாரம் தாங்குவது. மேலே இருப்பது அப்பர் ஆர்ம், சின்னது. இரண்டும் உள்பக்கம் சேசிஸில் ரப்பர் புஷ் வைத்த போல்ட்டில் ஆடும், அதுதான் கீல். வெளி நுனியில் ஆளுக்கொரு பால் ஜாயின்ட், அதாவது எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய உருண்டை மூட்டு. இரண்டு பால் ஜாயின்ட்டுக்கும் நடுவில் நிற்கும் இரும்புத் துண்டு நக்கிள், சக்கரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கமும் வலது பக்கமும் தனித்தனியாக ஆடுவதால் இந்த அமைப்புக்கு ஐஎஃப்எஸ் (இண்டிபெண்டன்ட் ஃபிரண்ட் சஸ்பென்ஷன்) என்று பெயர்.

லோவர் ஆர்மின் நடுப்பகுதியில் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் நிற்கும். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, அப்சார்பர் அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. இதுதான் ஆட்டோ கேட்டின் மோட்டார் கை இருக்கும் இடம். அப்சார்பர் முழுக்க நீண்டதிலிருந்து முழுக்கச் சுருங்கும் வரை உள்ள தூரம் அதன் ஸ்ட்ரோக்.

2005 வாக்கில் வந்த ஹைலக்ஸ் வீகோ, முதல் ட்ரைடன் தொடங்கி இன்றைய பிக்கப்புகள் வரை இந்தக் காயில் அமைப்புதான். அதற்கு முந்தைய மிட்சுபிஷி ஸ்டார்ம், முதல் தலைமுறை டி-மேக்ஸ் போன்றவற்றில் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளமான இரும்புத் தண்டு. கணக்கு மாறாது.

எண்களோடு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், அப்போதுதான் பிடிபடும். லோவர் ஆர்ம் கீலிலிருந்து பால் ஜாயின்ட் வரை 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது மேலே 15 டிகிரி, கீழே 15 டிகிரி ஆடுகிறது என்றால் வெளி நுனியின் ட்ராவல் கிட்டத்தட்ட 20.7 சென்டிமீட்டர். அப்சார்பர் ஆர்மின் 60 சதவீத இடத்தில், அதாவது கீலிலிருந்து 24 சென்டிமீட்டரில் நிற்கிறது என்றால் அது சுமார் 12.4 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். அப்சார்பர் 12 நகர, சக்கரம் 20 நகர்கிறது. இந்த விகிதத்தை, இங்கே 0.6, மோஷன் ரேஷியோ என்பார்கள்.

இந்த ஒரு விகிதம் தெரிந்தாலே பட்டறையில் பாதிக் குழப்பம் தீரும். அப்சார்பர் தலையில் 1 இன்ச் கட்டை வைத்தால் வண்டி ஏன் 1 இன்ச்சுக்குப் பதில் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் உயர்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

தூக்கும்போது உள்ளே நடப்பது

நம்மிடம் புழங்கும் தூக்கும் வழிகள் மூன்று. மூன்றிலும் ட்ராவல் கூடுவதில்லை, ஆனால் மூன்றும் வேறு வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும்.

முதல் வழி, கடினமான அல்லது உயரமான ஸ்பிரிங் போடுவது, இல்லாவிட்டால் இருக்கிற ஸ்பிரிங்கையே இன்னும் நெருக்கி வைப்பது. பழைய வண்டிகளில் டார்ஷன் பார் போல்ட்டை இறுக்குவதும் இதே வேலைதான். அப்சார்பர் அதேதான், அதன் ஸ்ட்ரோக் அதேதான். உங்கள் வண்டியில் முதலில் பம்ப் 10, ட்ரூப் 10 என்று இருந்தது, நீங்கள் 5 சென்டிமீட்டர் தூக்கினீர்கள் என்றால் இப்போது பம்ப் 15, ட்ரூப் 5. மொத்தம் அதே 20. கல்லில் மோதும்போது நன்றாக இருக்கும், ஏனென்றால் மேலே போக இடம் கூடியிருக்கிறது, அதனால்தான் 'ட்ராவல் கூடிவிட்டது' என்று தோன்றுகிறது. ஆனால் பள்ளத்தில் இறங்க இருந்த இடத்தில் பாதி போய்விட்டது. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? அப்சார்பர் முழுக்க நீண்டு தன் எல்லையில் அடிக்கும் சத்தம் அது. ஸ்பிரிங்கை ரொம்ப நெருக்கினால் நம் சாதாரண தாமான் சாலையிலேயே அது கேட்கும்.

இரண்டாவது வழி, அப்சார்பரின் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டை வைப்பது. மலிவு, ஒரு மதியத்தில் முடியும், அதனால் எங்கும் இதுதான். இது மொத்த அப்சார்பரையும் கீழே தள்ளுகிறது. ட்ரூப் குறையாது, ஆனால் சக்கரம் தொங்கும் கீழ் எல்லை, கம்பெனி கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போகிறது. அங்கே அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், பால் ஜாயின்ட் தன் கடைசிக் கோணத்தில் போய் நெருக்கிக்கொள்ளலாம். மேல் பக்கத்தில் இன்னொரு ஆபத்து: சக்கரம் மேலே போகும்போது சேசிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட்டு நிற்பதற்கு முன்னால் அப்சார்பர் உள்ளுக்குள்ளேயே முட்டிவிடலாம். அப்படி நாலு அடி வாங்கினால் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். மூன்று வழியிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான், மெல்லிய கட்டை என்றால் தப்பித்துக்கொள்ளலாம், தடித்த கட்டையை யார் சொன்னாலும் போடாதீர்கள்.

மூன்றாவது வழி, பிராக்கெட் கிட். லோவர் ஆர்மின் கீல், டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் பிராக்கெட் வைத்து 4 இன்ச் 6 இன்ச் என்று கீழே இறக்கிவிடுவது. கோணங்கள் கெடுவதில்லை, அந்த அளவில் ஒழுங்கான வேலை. பெரிய டயர் போட இடம் கிடைக்கும். ஆனால் கீலோடு சேர்ந்து எல்லாமே கீழே வந்துவிட்டதால் ட்ராவல் பழையபடியேதான், டிஃபரென்ஷியலுக்குக் கீழே கல் தட்டாத உயரமும் டயர் பெரிதான அளவுக்கு மட்டுமே கூடும்.

சக்கரத்துக்குள் ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவதையும் சிலர் இதில் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆர்மின் நீளம் என்பது கீலிலிருந்து பால் ஜாயின்ட் வரைதான். ஸ்பேசர் அதற்கும் வெளியே இருக்கிறது, அதனால் ட்ராவலுக்கு ஒன்றும் செய்யாது, பேரிங்குக்கு மட்டும் பாரம் கூடும்.

சுருக்கமாக: ஸ்ட்ரோக் மாறவில்லை, ஆர்ம் நீளம் மாறவில்லை என்றால் ட்ராவல் மாறாது. தூக்குவது அந்த ட்ராவலுக்குள் வண்டி நிற்கும் இடத்தை மாற்றுகிறது, அல்லது மொத்த ட்ராவலையும் கீழே நகர்த்துகிறது.

அப்படியென்றால் எப்படித்தான் கூட்டுவது

இரண்டு படி இருக்கிறது. முதல் படி, கம்பெனி விட்டுவைத்த மிச்சத்தை எடுத்துக்கொள்வது. கம்பெனி அப்சார்பர் பல வண்டிகளில் ஆர்மும் ஜாயின்ட்டும் தாங்கக்கூடிய கடைசிக் கோணத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடும், எல்லா நாட்டு ஓட்டுநருக்கும் எல்லாப் பாரத்துக்கும் சேர்த்து வைத்த பாதுகாப்பு அது. கொஞ்சம் நீண்ட ஸ்ட்ரோக் உள்ள நல்ல அப்சார்பர், அதோடு அதிகக் கோணம் தாங்கும் பால் ஜாயின்ட் வைத்த வேறு அப்பர் ஆர்ம், இந்த இரண்டும் சேர்ந்தால் சில சென்டிமீட்டர் ட்ரூப் நிஜமாகவே திரும்பக் கிடைக்கும். உயரம் 2 இன்ச்சுக்குள் இருக்கட்டும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

இரண்டாவது படிதான் லாங் ட்ராவல்: ஆர்மையே நீளமாக்குவது. கேட் கதவை அகலமாக்குகிறோம். முன்பு போட்ட கணக்கிலேயே ஆர்மை 40-லிருந்து 50 சென்டிமீட்டர் ஆக்குங்கள், கோணம் அதே 15-15. ட்ராவல் 20.7-லிருந்து சுமார் 25.9 ஆகிறது. 5 சென்டிமீட்டர் லாபம், ஒரு ஜாயின்ட்கூட கூடுதலாக வளையாமல்! இதுதான் இந்த முறையின் அழகு, இதனால்தான் பந்தயக்காரர்கள் இதைத் தேடிப் போனார்கள்.

இந்த லாபத்துக்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து வண்டி முன்னால் 20 சென்டிமீட்டர் அகலமாகிறது. டயர் பாடிக்கு வெளியே நிற்கும், ஃபெண்டரை மாற்ற வேண்டும். இன்னொன்று, இதைப் பலரும் மறக்கிறார்கள்: அப்சார்பர் அதே 24 சென்டிமீட்டரில் நின்றால் மோஷன் ரேஷியோ 0.6-லிருந்து 0.48 ஆகிவிடும், ஆனால் சக்கரத்தில் ஸ்பிரிங்கின் கடினம் அந்த எண்ணின் வர்க்கமாகக் குறையும். 0.36 இருந்த இடத்தில் 0.23. அதாவது அதே ஸ்பிரிங் இப்போது சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெத்தென்று ஆகிவிட்டது. வண்டி முன்னால் அமுங்கி நிற்கும். ஆகவே கடினமான ஸ்பிரிங் வேண்டும், அந்த ஸ்பிரிங்கை அடக்கும் அப்சார்பரும் வேண்டும். நீளமான ஆர்மை மட்டும் வாங்கி வந்து பழைய ஸ்பிரிங்கோடு மாட்டினால் கதை முடியாது.

சிவி ஜாயின்ட்டிடம் அனுமதி வாங்க வேண்டும்

ஃபோர் வீல் வண்டியில் முன்சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிறது. டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரம் வரை ஒரு தண்டு, அதன் இரண்டு நுனியிலும் ஒரு சிவி ஜாயின்ட், அதாவது வளைந்த நிலையிலும் ஒரே சீராகச் சுற்றக்கூடிய மூட்டு. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த மூட்டுகள் வளைந்துகொண்டே சுற்ற வேண்டும்.

சக்கரப் பக்கத்து ஜாயின்ட், ஸ்டீரிங் திரும்புவதற்கும் சேர்த்துச் செய்தது என்பதால் 45 டிகிரி அளவுக்கும் வளையும். டிஃபரென்ஷியல் பக்கத்து ஜாயின்ட் அவ்வளவு தாங்காது, பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே எல்லை வந்துவிடும். வண்டியைத் தூக்கும்போது தண்டு சமதரையிலேயே சாய்ந்து நிற்கிறது, ட்ரூப்பில் இன்னும் சாய்கிறது. முதலில் சாகிறது ரப்பர் பூட். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த உறை ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், செம்மண் உள்ளே போகும். ஓட ஓட 'டக் டக் டக்' என்று சத்தம் வந்த பிறகு பார்த்தால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் ஐஎஃப்எஸ் பிக்கப்பில் எவ்வளவு ட்ராவல் கிடைக்கும் என்பதை அப்சார்பர் விளம்பரம் தீர்மானிப்பதில்லை, இந்த ஜாயின்ட்தான் தீர்மானிக்கிறது.

லாங் ட்ராவல் கிட்டில் தண்டும் நீளமாகிறது. ஆர்ம் மாதிரியே தண்டும் நீண்டால் அதே கோணத்தில் அதிகத் தூரம் ஏறி இறங்கலாம். இரண்டும் ஒன்றாக நீள வேண்டும். ஒன்று நீண்டு மற்றது நீளாவிட்டால் தண்டு உள் ஜாயின்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

நல்ல பட்டறை என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக் வைத்து சக்கரத்தைக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு இடத்திலும் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி. எங்கே உரசுகிறது, எங்கே நெருக்குகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு எல்லைகளை வைப்பார்கள். மேலே பம்ப் ஸ்டாப், கீழே லிமிட் ஸ்ட்ராப், அதாவது சேசிஸையும் ஆர்மையும் இணைக்கும் தடித்த நாடா, சக்கரம் இதற்குக் கீழே தொங்காதே என்று பிடித்துக்கொள்வது. கம்பெனி வண்டியில் அப்சார்பரே ட்ரூப்பை நிறுத்தும், அந்த அளவுக்குச் செய்ததுதான். ட்ராவலைக் கூட்டிய வண்டியில் அப்சார்பரை அடி வாங்க விடக்கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மாட்டித் தருகிறேன் என்று ஒரு பட்டறை சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

இதுவரை: ட்ராவலைக் கூட்ட ஆர்ம், அப்சார்பர், ஸ்பிரிங், தண்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கோண எல்லையைச் சொல்வது ஜாயின்ட்.

ஸ்டீரிங் கெடுவது எங்கே

ஸ்டீரிங் பெட்டியிலிருந்து நக்கிளுக்குப் போகும் தண்டு டை ராட். சக்கரம் ஏறி இறங்கும்போது அதுவும் ஒரு வளைவில் ஆடுகிறது. ஆர்மின் வளைவும் டை ராடின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் மேலே போகும்போது டை ராட் நக்கிளை இழுக்கும் அல்லது தள்ளும், நீங்கள் ஸ்டீரிங்கை அசைக்காமலே சக்கரம் திரும்பும். இதற்கு பம்ப் ஸ்டீர் என்று பெயர். காட்டில் மெதுவாகப் போகும்போது தெரியாது. காராக் நெடுஞ்சாலையில் வளைவில் இறங்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. ஆர்மை நீட்டினால் டை ராடும் கணக்காக நீள வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

இன்னொன்று கேஸ்டர். வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால், மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்ட்டைவிடச் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேரே திரும்புவதும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் போவதும் அதனால்தான். தூக்கும்போது அந்தச் சாய்வு குறைகிறது. தூக்கிய பிறகு வண்டி 'மிதக்கிறது', ஸ்டீரிங் லேசாகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் உணர்கிறார்கள். வேறு அப்பர் ஆர்ம் போடுவதில் பாதி நன்மை, கேஸ்டரை மீட்டுக் கொடுப்பது. அலைன்மென்ட் கடைக்குப் போனால் சக்கரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், கேஸ்டர் எண்ணைக் காகிதத்தில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், தூக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

நம் பாதைக்கு எது வேண்டும்

பாலைவனத்துக்குப் பிறந்த சாமான் என்று முதலில் சொன்னேன். நாம் போவது உலு லங்காட் பக்கத்துக் குன்றுகள், குவா முசாங் வட்டாரத்தில் மர லோரிகள் போட்டுவிட்டுப் போன பழைய தடங்கள், ஆறு குறுக்கிடும் பாதைகள். எல்லாமே முதல் கியர், இரண்டாம் கியர். மணிக்கு நூறில் பறக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. 1997 முதல் நம் நாட்டில் மழைக்காலத்தில் நடத்தப்பட்டுவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சில் வண்டியைக் கரை சேர்ப்பது சேற்று டயரும், கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சும்தான், வேகம் அல்ல.

வண்டியை அகலமாக்குவது இங்கே பல இடத்தில் கெடுதல். காட்டுத்தடத்தின் இரண்டு சால்களும் சாதாரண பிக்கப் அகலத்துக்கு அறுபட்டவை. இரண்டு மரக்கட்டைகளைப் போட்ட பாலத்தில், கட்டைகளின் இடைவெளிக்கு வெளியே டயர் நிற்கும் வண்டியை ஏற்ற எனக்கு மனசு வராது.

எனவே நம் தேவைக்கு என் வரிசை இப்படி. முதலில் நல்ல டயர், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம். அப்புறம் டிஃபரென்ஷியல் லாக்கர், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டிவிடும் அமைப்பு. ஒரு சக்கரம் தொங்கினாலும் மற்றது இழுக்கும், ட்ராவல் குறைவால் வரும் பாதிப் பிரச்சினையை இது ஒன்றே தீர்க்கும். பின்பக்கத்துக்குப் பல வண்டிகளில் கம்பெனியே தருகிறது. அதற்கும் பிறகுதான் நீண்ட ஸ்ட்ரோக் அப்சார்பரும் அப்பர் ஆர்மும். லாங் ட்ராவல் கிட் இந்த வரிசையில் இல்லவே இல்லை.

காசே ஆகாத ஒன்றும் உண்டு. இடது வலது பக்க சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த கம்பி, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிறது. அதே கம்பி, ஒரு சக்கரம் இறங்கி மற்றது ஏற வேண்டிய இடத்தில் இரண்டையும் தடுக்கிறது. காட்டுக்குள் நுழையும் முன் அதன் இணைப்பைக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு, வெளியே வந்ததும் மறக்காமல் மாட்டினால் இருக்கிற ட்ராவலை முழுசாகப் பயன்படுத்தலாம். கழற்றியபடியே நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்கள் இத்தனை ஆண்டாக எப்படி ஏறுகின்றன என்று கேட்பீர்கள். அவற்றின் முன்பக்கம் ஐஎஃப்எஸ் அல்ல, இடமிருந்து வலம் வரை ஒரே இரும்பு அச்சு. ஜிம்னியும் அப்படித்தான். ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் அச்சே சாய்ந்து மறு சக்கரத்தைக் கீழே அழுத்தும். மெதுவாக ஏறும் பாதைக்கு அது இயல்பாகவே நல்லது, நெடுஞ்சாலையில் சொகுசு குறைவு.

சட்டமும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். கடைக்காரர் 'எல்லாரும் போடுறாங்க' என்று சொல்வதை நம்பாமல் முதலில் ஜேபிஜேயிடமே கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

அதற்கு முன்னாலேயே ஒன்று: இருக்கிற வண்டியில் எவ்வளவு பம்ப் உண்மையில் செலவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்சார்பரின் பளபளக்கும் தண்டு வெளியே தெரியும் வண்டியானால் அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி உடம்பு வரை தள்ளிவிடுங்கள். பாதை ஓடி வந்து பார்த்தால் அது எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு சுருங்கியிருக்கிறது, அதை மோஷன் ரேஷியோவால் வகுத்தால் சக்கரத்தின் கணக்கு. ட்ரூப்புக்கு, வண்டி சமதரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, பிறகு சேசிஸில் ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தால் வித்தியாசம்தான் விடை. தூக்குவதற்கு முன்பும் பின்பும் இந்த எண்ணை எழுதி வைத்தால் யாருடைய பேச்சையும் நம்பவேண்டியதில்லை.

ஆர்ம்களின் கீல் போல்ட்டை, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னும் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அவசரமாக வேலை செய்யும் இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது, பக்கத்தில் நின்று பார்த்துக் கேட்பதில் தப்பில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய், சக்கரம் முழுக்கத் தொங்கி ஸ்டீரிங்கும் முழுக்கத் திரும்பிய நிலையில் இழுபடக்கூடாது. இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும், ஸ்டீரிங்கின் இரண்டு கோடியிலும் விரலால் தொட்டுப் பாருங்கள். தளர்வாக இல்லாவிட்டால் நீளமான ஹோஸ் போடும் வரை சாவியை வாங்காதீர்கள்.